கரையானோடு ஓர் ஒப்பந்தம்

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் மயிலாடுதுறையிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தாள். "அப்பாவோட அலமாரிக் கதவு திறக்க மாட்டேங்குதுடா. மழைக்கு உப்பியிருக்கும்போல" என்றாள். ஆடியில் அப்படியென்ன மழை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் ஊருக்குப் போக ஏழு வாரங்கள் ஆயின.

கதவு உப்பியிருக்கவில்லை. கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ளிருந்து மண் பூசப்பட்டிருந்தது. ஆசாரி உளியை வைத்து நெம்பியதும் கதவின் கீழ்ப்பாதி அப்பளம்போல நொறுங்கி விழுந்தது. சுவரோடு பதித்த அந்த அலமாரியின் கீழ்த்தட்டுகளில்தான் அப்பா தம் 'எழுத்து' இதழ்களை ஆண்டுவாரியாகக் கட்டடம் செய்து வைத்திருந்தார். முதுகுகள் வரிசை குலையாமல் நின்றன. ஆண்டுகளைக் குறித்த எண்களைக்கூடப் படிக்க முடிந்தது. ஒன்றை உருவினேன். அட்டை மட்டும் கையில் வந்தது. உள்ளே ஈர மண்ணும், கஞ்சி நிறத்தில் நெளியும் சிறு உடல்களும் இருந்தன. அதற்கும் கீழே, முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்த அவர் எழுதிவைத்த பாடக் குறிப்பேடுகள். மொத்தம் முப்பத்தொன்று. கம்பனுக்கு மட்டும் ஒன்பது. பிரித்துப் பார்க்கும் நிலையில் எஞ்சியவை எட்டு.

'எழுத்து' இதழ்களை எங்காவது ஒரு நூலகத்தில் மீண்டும் பார்த்துவிட முடியும். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கி 1970 வரை நடத்திய அந்த இதழைப் பாதுகாத்தவர்கள் வேறு பலரும் உண்டு. குறிப்பேடுகளுக்கு அப்படி இன்னொரு படி இல்லை.

இதை ஒரு துக்கச் செய்தியாக எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்த வீட்டுக்குக் கரையான் தடுப்பு ஒப்பந்தம் ஒன்று நடப்பில் இருந்தது என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது. 2015இல் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டி ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் செய்தோம். 2020இல் பதினெட்டாயிரம் கட்டி மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தோம். அலமாரி போனபோது ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டாண்டு மிச்சம் இருந்தது. சான்றிதழை அம்மா கண்ணாடித்தாள் உறையிட்டுப் பூசையறை இழுப்பறையில் வைத்திருந்தாள். அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தகவல் சொன்ன இரண்டாம் நாளே ஆள் அனுப்பினார்கள். மறுபடி துளையிட்டு மருந்து செலுத்தினார்கள். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஒப்பந்தத்தில் என்ன சொல்லியிருந்தார்களோ அதைச் செய்தார்கள். அன்றிரவுதான் முதன்முறையாக அந்தச் சான்றிதழின் பின்பக்கத்தைப் படித்தேன். கட்டடம், மரச்சாமான், புத்தகம், துணி எதற்கு நேரும் சேதத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல. கரையான் மீண்டும் வந்தால் மீண்டும் மருந்தடித்துத் தரப்படும். வாடிக்கையாளர் அழைத்தால் ஆண்டுக்கு ஒருமுறை பார்வையிடப்படும். முன்னறிவிப்பின்றித் தரையை உடைத்தாலோ மண்ணைக் கிளறினாலோ ஒப்பந்தம் செல்லாது. இவ்வளவுதான். எட்டாண்டுகளில் ஒருமுறைகூட நாங்கள் அவர்களை அழைத்துப் பார்க்கச் சொன்னதில்லை. 2021இல் குளியலறைத் தரையை உடைத்துப் புதிதாகத் தளக்கல் பதித்தபோது அவர்களுக்குச் சொல்லவுமில்லை. கரையான் வந்தது அந்தக் குளியலறைச் சுவர் வழியாகத்தான்.

அப்படியானால் இத்தகைய ஒப்பந்தங்களுக்குப் பணம் கட்டுவது தகுமா? கட்டிட வேலை நடக்கும் தெருக்களிலெல்லாம் துண்டறிக்கை கொடுக்கிறார்கள். ஐந்தாண்டு, பத்தாண்டு என்று உத்தரவாதம் தருகிறார்கள். என் நண்பர்கள் பலர் புத்தகங்களோடு வாழ்பவர்கள். ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். பணத்தையும் இழந்து புத்தகத்தையும் இழந்தவன் என்ற தகுதியில் ஒரு பதில் சொல்ல முயல்கிறேன்.

*

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கரையானை எறும்பின் உறவு என்றே பலரும் நினைக்கிறோம். வெள்ளை எறும்பு என்று ஆங்கிலத்திலும் சொல்வதுண்டு. உண்மையில் அது கரப்பான் பூச்சியின் நெருங்கிய சொந்தம். மரபணு ஆய்வுகளுக்குப் பின் அதற்கென்று தனியாக இருந்த வரிசையைக் கலைத்து, கரப்பான்களின் வரிசையிலேயே சேர்த்துவிட்டார்கள். முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றிப் பறந்து சிறகுதிர்க்கும் ஈசல், அதன் கல்யாணக் கோலம். எங்கள் பாட்டி காலத்தில் ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து தின்பார்கள். புற்றின் மீது முளைக்கும் காளானையும் சமைப்பார்கள். அந்தக் காளான் தற்செயலாக முளைப்பதன்று. நம் ஊர்ப் புற்றுக் கரையான்கள் தின்ற மரத்தைக் கொண்டு நிலத்தடியில் காளான் பாத்தி கட்டி விவசாயம் செய்பவை. அப்பாவின் குறிப்பேடுகள் ஏதோவொரு பாத்திக்கு எருவாகப் போயிருக்கக்கூடும்.

வீடுகளைத் தாக்குவதில் பெரும்பங்கு மண்வாழ் கரையான்களுடையது. அவற்றின் இருப்பிடம் மண். வீடு அவற்றுக்கு மேய்ச்சல் நிலம் மட்டுமே. உடல் உலராமல் இருக்க ஈரம் வேண்டும் என்பதால் வெளிச்சத்திலும் காற்றிலும் நடமாடாமல், சுவரில் மண்ணாலான குழாய்ப்பாதை கட்டிக்கொண்டு ஏறுகின்றன. நாம் கொல்வது மேயவந்த கூட்டத்தை. முட்டையிடும் அரசி எங்கோ மண்ணுக்கடியில், பல சமயம் நம் மனைக்கே வெளியில், பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவள். மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய், முந்திரிக் கொட்டை எண்ணெய், வேப்பெண்ணெய் என்று நம்மவர்கள் பூசும் பொருள்கள் பட்ட இடத்தைச் சிறிது காலம் காக்கும். மண்ணுக்குள் இருக்கும் குடியை அவை ஒன்றும் செய்வதில்லை. ஒரு சட்டத்தில் பூசினால் அடுத்த சட்டத்தில் ஏறும்.

இன்னொன்றையும் ஆசாரிதான் சொல்லித் தந்தார். "செல்லு வேற, உளு வேற தம்பி. மண்ணு ஏறுனா செல்லு. மாவு கொட்டுனா உளு." மரத்தில் ஊசித்துளையிட்டு மாவு உதிர்ப்பது ஒருவகை வண்டின் வேலை; கரையானுடையதன்று. புத்தகத் தாளைச் சுரண்டுகிற, துளைக்கிற இராமபாணமும் வேறு இனம். மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையானும் உண்டு. அது கடுகு மணிபோலச் சிறு கழிவுகளை உதிர்க்கும். நிறுவனம் மண்ணில் செலுத்தும் மருந்து இந்த மூன்றில் எதையும் தொடுவதில்லை. ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் வீட்டில் இருப்பது எது என்று பார்ப்பது அவசியம். மாவு கொட்டுகிற கட்டிலுக்காக ஐந்தாண்டு மண் ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு பேராசிரியரை எனக்குத் தெரியும்.

*

ஒப்பந்தம் என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் அதில் மூன்று பொருள்கள் விற்கப்படுகின்றன. முதலாவது மருந்து செலுத்தும் வேலை. இரண்டாவது அவ்வப்போது வந்து பார்க்கும் கண். மூன்றாவது, மீண்டும் வந்தால் மீண்டும் செய்வோம் என்ற வாக்கு. நாம் பணம் கொடுப்பது மூன்றாவதற்காக என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் மதிப்பு மிகுந்தவை முதலிரண்டும்தான். அவற்றைத்தான் நாம் கவனிப்பதே இல்லை.

வேலையை எடுத்துக்கொள்வோம். இதற்கென்று ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதிநூல் இருக்கிறது. அது மூன்று பகுதிகள் கொண்டது. ஒன்று கட்டுமான முறை பற்றியது. இன்னொன்று கட்டும்போது செய்யும் சிகிச்சை பற்றியது. மூன்றாவது கட்டி முடித்த வீடுகளுக்கு உரியது. கட்டிய வீட்டில் தரையும் சுவரும் சேருமிடத்தில் முப்பது சென்டிமீட்டருக்கு ஒன்றாக, 12 மில்லிமீட்டர் விட்டத்தில் துளையிட்டு, மண் இனி ஏற்காது என்னும் வரை, துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் கரைசல் செலுத்த வேண்டும் என்பது நெறி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டுக்குப் பத்தடி அறையின் சுற்றளவு நாற்பத்து நான்கு அடி. அதாவது ஏறக்குறைய நாற்பத்தைந்து துளைகள். துளைக்கு அரை லிட்டர்தான் இறங்கியது என்றாலும் ஓர் அறைக்கு இருபது லிட்டருக்கு மேல் வேண்டும்.

2020இல் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு பையன்கள். பத்து லிட்டர் தெளிப்பான் இரண்டு கொண்டுவந்தார்கள். இரண்டு முறை நிரப்பிக்கொண்டதாக அம்மாவுக்கு நினைவு. ஐந்து அறைகள், ஆயிரத்தைந்நூறு சதுர அடி. வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. துளைகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். 2023இல் குனிந்து அளந்து பார்த்தேன்; துளைக்குத் துளை இரண்டடி. சுவர் அலமாரி இருந்த பக்கம் துளையே இல்லை. சாமான் அடைத்திருந்ததால் விட்டுவிட்டிருக்கிறார்கள். பையன்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளில் மூன்று வீடு முடிக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள். வீட்டுக்காரன் அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும். நான் சென்னையில் அலுவலகத்தில் இருந்தேன். பணத்தை இணையவழியில் அனுப்பியதோடு என் கடமை முடிந்ததென்று நினைத்தேன்.

மருந்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். "முன்னெல்லாம் ஒருமுறை அடித்தால் இருபது வருடத்துக்குக் கவலையில்லை" என்று பழைய மேஸ்திரிகள் சொல்வது பொய்யன்று. அல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டகுளோர் போன்ற மருந்துகள் மண்ணில் அப்படித்தான் தங்கின. மண்ணில் தங்கியவை நீரிலும் உயிர்களின் கொழுப்பிலும் தங்கின. அதனால்தான் அமெரிக்கா 1988இல் குளோர்டேனை அடியோடு நிறுத்தியது. இந்தியா 1996இல் இந்த மூன்றையும் தடைசெய்தது. அவற்றின் இடத்துக்கு வந்த குளோர்பைரிபாசும் 2025இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்கப்பட வேண்டியவை பட்டியலில், சில விலக்குகளோடு, சேர்க்கப்பட்டுவிட்டது. இப்போது பரவலாகப் பயன்படும் இமிடாகுளோபிரிட், பிப்ரோனில் போன்றவை வேறு விதமானவை. மருந்து இருப்பதே கரையானுக்குத் தெரியாது. அதன்மீது நடந்துபோய்த் தன் கூட்டத்துக்கும் கொண்டுசேர்க்கும். திறமையானவைதாம். ஆனால் அவை சில ஆண்டுகளில் சிதைந்துவிடும். சிதைய வேண்டும் என்பதுதான் நம் நன்மையும். ஆகவே ஒருமுறை துளையிட்டுப் பத்தாண்டு உத்தரவாதம் தருகிறவர், மருந்து பத்தாண்டு நிற்கும் என்று சொல்லவில்லை. பத்தாண்டுக்குள் நீங்கள் எத்தனை முறை அழைப்பீர்கள் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் அவருக்கு இலாபம் இருக்கிறது, இல்லாவிட்டால் விற்கமாட்டார்.

*

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அங்கே இதற்கு 'டெர்மைட் பாண்ட்' என்று பெயர். அதில் இரண்டு வகை. ஒன்று, நம் ஊரைப்போல மறுபடி மருந்தடித்துக் கொடுப்பது மட்டும். மற்றது, புதிதாக நேரும் சேதத்தைப் பழுதுபார்த்துத் தரும் பொறுப்பையும், ஒரு வரம்புக்குள், ஏற்பது. இரண்டாவதற்குக் கட்டணம் அதிகம். ஆண்டுதோறும் ஆய்வு செய்த பிறகே புதுப்பிப்பார்கள். நண்பர் இரண்டாம் வகைக்குத் தயங்காமல் பணம் கட்டுகிறார். அவருடைய வீடே மரச்சட்டத்தால் ஆனது. கரையான் தின்னத் தொடங்கினால் தின்பது கூரையைத் தாங்கும் சுவரை. வீட்டுக் காப்பீடும் அதற்கு ஈடு தருவதில்லை. வீட்டை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

அங்கே 1995இல் இரை வைக்கும் முறையும் சந்தைக்கு வந்தது. புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் நான்-யாவ் சூ என்ற பூச்சியியலாளரின் ஆய்வில் பிறந்தது அது. வீட்டைச் சுற்றி மண்ணில் இரைப்பெட்டிகளைப் புதைப்பார்கள். அந்த இரையில் இருக்கும் பொருள் கரையான் தோலுரிப்பதைத் தடுக்கும். வேலைக்காரக் கரையான்கள் அதைத் தின்று கூட்டத்துக்கும் ஊட்ட, சில மாதங்களில் குடியே அழியும். இந்த முறையில் ஆள் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்காவிட்டால் பெட்டி வெறும் பிளாஸ்டிக். எனக்கு இதில் பிடித்த விஷயம் அதுதான். பார்ப்பதற்குத்தான் பணம் என்பது அங்கே வெளிப்படையாக இருக்கிறது.

நம் வீடுகளின் நிலை வேறு. செங்கல்லும் சிமெண்டும் கரையானுக்கு உணவல்ல. இங்கே அது தின்பது நிலை, கதவு, அலமாரி, பரணில் கிடக்கும் பழைய பெட்டி, புத்தகம். வீடு இடிந்துவிடும் என்று விற்பனையாளர் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஓட்டு வீடாக இருந்து உத்தரமும் கைமரமும் இளமரமாக இருந்தால் மட்டுமே அந்தப் பயத்துக்கு இடமுண்டு. வைரம் பாய்ந்த தேக்கையும் பனையையும் கரையான் எளிதில் தொடுவதில்லை. ஆனால் அதே தேக்கின் வெளிர்ப்பகுதியை விட்டுவைப்பதுமில்லை. கடையில் கொதிநீர் தாங்கும் ஒட்டுப்பலகை என்று விற்பதைக் கரையான் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பசையின் தரத்தைச் சொல்லும் சொல். நம் ஊர்க் காப்பீடும் உதவாது. 2021இல் வந்த 'பாரத் கிருக ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் பட்டியலில் உண்டு, கரையான் இல்லை.

ஆக, நாம் இழக்கக்கூடியதை இரண்டாகப் பிரிக்கலாம். பணம் கொடுத்தால் திரும்பக் கிடைப்பவை ஒரு பக்கம், கிடைக்காதவை மறுபக்கம். அலமாரிக் கதவையும் நிலையையும் மாற்ற எனக்கு முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செலவாயிற்று. ஏறத்தாழ அதே தொகையை இரண்டு ஒப்பந்தங்களுக்குமாகக் கட்டியிருக்கிறேன். கதவுக்காக மட்டும் என்றால், ஒப்பந்தமே இல்லாமல் இருந்து, வந்தபோது மருந்தடித்து, கதவை மாற்றிக்கொண்டிருக்கலாம்; கணக்கு அப்படியொன்றும் மோசமாகப் போயிருக்காது. குறிப்பேடுகளுக்காக என்றால் ஒப்பந்தம் எதையும் காக்கவில்லை. காக்க முடியும் என்று அதில் எழுதப்படவும் இல்லை. அவற்றை ஈரச் சுவரோடு ஒட்டி வைத்தது நான் செய்த தவறு. ஒப்பந்தம் இருக்கிறது என்ற நிம்மதியில் எட்டாண்டு அந்தக் கீழ்த்தட்டைக் குனிந்து பார்க்காதது அதைவிடப் பெரிய தவறு.

என் முக்கியமான மனத்தாங்கல் இதுதான். ஒப்பந்தம் வீட்டுக்காரனின் கண்ணை மூடிவிடுகிறது. ஒப்பந்தம் இல்லாத காலத்தில் அப்பா ஒவ்வொரு சித்திரையிலும் அலமாரியைக் காலிசெய்து, புத்தகங்களை முற்றத்தில் வெயிலில் பரப்பி, வசம்புத்தூளும் வேப்பிலையும் போட்டு மறுபடி அடுக்குவார். எங்களுக்கு அது பெரிய தொல்லை; விடுமுறையில் இரண்டு நாள் போய்விடும். வசம்புக்கும் வேப்பிலைக்கும் கரையானைத் தடுக்கும் வலிமை எவ்வளவு என்று வாதிடலாம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு புத்தகமும் கையால் தொடப்பட்டது. மண் ஏறியிருந்தால் முதலாண்டே தெரிந்திருக்கும். அவர் 2011இல் மறைந்தார். அதன்பின் அந்த வேலையைச் செய்ய யாருமில்லாததால்தான் 2015இல் ஒப்பந்தம் செய்தேன். அவருடைய வெயில் நாள்களுக்குப் பதிலாக ஒரு காகிதத்தை வாங்கி வைத்தேன்.

*

இதற்கு மாறாகச் சொல்வதற்கும் நியாயம் இருக்கிறது. என் மைத்துனர் சொல்கிறார்: "ஊர்ல தனியா இருக்கிற எழுபத்தாறு வயசு அம்மா அலமாரியைக் காலிபண்ணி வெயில்ல போடுவாங்களா? நீங்க வருஷத்துக்கு ரெண்டு தரம் வந்து செய்வீங்களா?" இல்லைதான். வீட்டில் ஆளற்றுப்போன ஒரு தலைமுறைக்கு, பணம் கொடுத்து இன்னொருவரைப் பார்க்கச் சொல்வதைத் தவிர வேறு வழி குறைவு. வெளிநாட்டில் இருப்பவர்கள், பூட்டிக்கிடக்கும் வீட்டுக்காரர்கள் ஆகியோருக்கு இது இன்னும் பொருந்தும். பூட்டிய வீடு கரையானுக்கு மிகவும் உகந்தது. அதனால் ஒப்பந்தமே வீண் என்று சொல்ல நான் துணியமாட்டேன். எந்த ஒப்பந்தம், யாருக்கு என்பதுதான் கேள்வி.

புதிதாக வீடு கட்டுபவர் கட்டும்போதே மண்ணுக்கு மருந்திடுவதைத் தவிர்க்கக் கூடாது. பிறகு எந்தச் சமயத்திலும் அவ்வளவு குறைந்த செலவில் அவ்வளவு முழுமையாகச் செய்ய முடியாது. தரைமண்ணின் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் கரைசல் என்பது விதிநூல் கணக்கு. அன்று விடுப்பெடுத்துக்கொண்டு மனையில் நிற்க வேண்டும். டப்பாவின் மூடி நம் கண்முன்னே திறக்கப்பட வேண்டும். தரைத்தளத் தனிவீட்டில், அதுவும் மரவேலையும் புத்தகமும் உள்ள வீட்டில், மண் ஏறிய தடம் ஒருமுறை கண்டிருந்தால் முறையான சிகிச்சைக்குப் பணம் கொடுப்பது வீணன்று. அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவர் தனியாக ஒப்பந்தம் செய்வதில் பொருள் அநேகமாக இல்லை. கரையான் கீழிருந்துதான் வர வேண்டும். சங்கம் முழுக் கட்டடத்தின் அடித்தளத்துக்கும் செய்துகொள்வதுதான் முறை. இரும்பு பீரோவும் அலுமினியக் கதவும் உள்ள வீட்டில் ஒப்பந்தம் எதைக் காக்கப் போகிறது?

ஐந்தாண்டு, பத்தாண்டுப் பணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கட்டுவதை மட்டும் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முழுத்தொகையும் கைக்கு வந்த பிறகு நம் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் நிறுவனத்துக்குச் செலவுதான். வராமல் இருப்பதே இலாபம். ஓராண்டு ஒப்பந்தத்தில், அடுத்த ஆண்டுப் பணம் வேண்டுமென்றால் அவர்கள் இந்த ஆண்டு வந்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் சில வரிகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்தின் பெயர், கரைசலின் செறிவு, துளைக்குத் துளை எவ்வளவு இடைவெளி, எத்தனை லிட்டர், எந்தெந்த மாதம் வந்து பார்ப்பார்கள், பார்த்ததை எழுத்தில் தருவார்களா. மருந்து தெளிக்கும் நிறுவனத்துக்குப் பூச்சிமருந்துச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். எழுதியதைச் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே முறையிடலாம். எழுதாததைக் கேட்க எந்த மன்றத்திலும் வழியில்லை. என் சான்றிதழில் எழுதியிருந்ததெல்லாம் நிறைவேற்றப்பட்டது. ஆகவே எனக்கு வழக்கே இல்லை.

*

தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையில் கிடந்து கரையான் மூடிய கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அரசன் புற்றை விலக்கிப் பார்த்து மனம் கலங்கி நிற்க, இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை மறைத்தோம் என்று அசரீரி எழுந்ததாம். பக்தியின் பக்கம் நின்று பார்த்தால் மகத்தான ஆறுதல் அது. சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது எழுதிய முன்னுரையில் அந்த ஆறுதல் இல்லை. தொட்டால் உதிரும் ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை நாள் என்று பதறும் ஒருவரின் குரல்தான் அதில் இருக்கிறது. அலமாரியைத் திறந்த அன்று எனக்கு அசரீரி எதுவும் கேட்கவில்லை. எஞ்சிய எட்டும் எனக்கு வேண்டியவை, போன இருபத்து மூன்றும் வேண்டாதவை என்று நம்ப என்னால் முடியவில்லை. போனவற்றில் என்ன இருந்தது என்றே எனக்குத் தெரியாது. அவர் இருந்தபோது படிக்கவில்லை; இறந்த பிறகு ஓய்வு கிடைக்கும்போது படிக்கலாம் என்றிருந்தேன். கரையான் என்னை முந்திக்கொண்டது.

எஞ்சிய எட்டையும் பக்கம் பக்கமாக வருடியெடுத்து, மூன்று இடங்களில் சேமித்துவிட்டேன். மூலங்கள் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, இரும்பு அலமாரியில் இருக்கின்றன. திரும்பக் கிடைக்காத எதற்கும் செய்ய வேண்டியது இதுதான். ஒப்பந்தம் அதற்குப் பிறகுதான். கம்பன் குறிப்பேடுகளில் தப்பியது ஒன்றே ஒன்று. அதில் குகப் படலத்துக்கு எதிரே பென்சிலால், 'இந்தப் பாடத்தில் பையன்கள் அழுதார்கள். நானும்' என்று எழுதியிருக்கிறார்.

2025இல் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி அதே நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வந்தார். ஐந்தாண்டுக்குச் சலுகை என்றார். ஓராண்டுக்கு மட்டும் என்றேன். துளை இடைவெளி, லிட்டர் அளவு, ஆனியிலும் மார்கழியிலும் வந்து பார்த்து எழுதித் தருவது ஆகியவற்றை அச்சிட்ட தாளின் ஓரத்தில் கையால் எழுதிக் கையொப்பம் கேட்டேன். இப்படி யாரும் கேட்டதில்லை என்று தயங்கினார். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பிறகு கையொப்பமிட்டார். வேலை நடந்த இரண்டு நாளும் நான் அங்கேயே இருந்தேன். அலமாரிகளை நகர்த்தித் துளையிட்டார்கள். இம்முறை நூற்று நாற்பது லிட்டர் சென்றது.

அம்மாவுக்கு ஒரு கைவிளக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதியன்று நிலைகளின் அடி, குளியலறைச் சுவர், பரண் ஏணி, அலமாரியின் பின்புறம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசுவாள். "மண்ணு ஒண்ணும் இல்லடா" என்பாள். அதன்பிறகுதான் மற்ற விஷயங்களைப் பேசத் தொடங்குவோம்.